திரைக்குப் பின்னால் ஓர் இருமல்

அழுவதில் அபுல் ஹசனை மிஞ்ச சைகோனில் ஆள் கிடையாது. இதை அவரே சொல்லிக்கொள்வார், பாதி பெருமையாக, பாதி வெட்கமாக. பென் தான் சந்தைக்குப் பின்புறம் இப்ராஹிம் முதலாளியின் துணிக்கடையில் அவர் விற்பனையாளர். ஆள் குட்டை. வயிறு கொஞ்சம் முன்னால் நடக்கும். தலையில் எப்போதும் சாய்ந்தே இருக்கும் ஒரு கறுப்புத் தொப்பி. பார்த்தால் குழந்தைக்குக்கூட பயம் வராது. அதுதான் அவருடைய மூலதனம்.

வியாபாரம் இப்படி நடக்கும். ஒரு பிரெஞ்சு மதாம் வந்து பட்டுத் துணியைத் தடவிப் பார்த்து விலையைக் குறைக்கச் சொல்வாள். கல்லாவில் இருக்கும் இப்ராஹிம் முதலாளி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு முடியவே முடியாது என்பார். பிறகு, தொழுகைக்கு நேரமாயிற்று என்று முணுமுணுத்தபடி பின்பக்கத் திரையை விலக்கி உள்ளே போய்விடுவார். உள்ளே தொழுகை ஒன்றும் நடக்காது. அங்கே ஒரு முக்காலியும் வெற்றிலைத் தட்டும்தான் உண்டு. அவர் அந்தப் பக்கம் போனதும் அபுல் ஹசன் உடைந்த பிரெஞ்சில் கிசுகிசுப்பார்:

"மதாம், உங்களப் பார்த்தா என் தங்கச்சி ஞாபகம் வருது. அந்த மனுஷன் வர்றதுக்குள்ள இந்த வெலைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. தெரிஞ்சா என் வேலை போயிடும்."

கண்ணில் ஒரு சொட்டு நிற்கும். விழாது. விழுந்தால் அதிகம் என்று அவருக்குத் தெரியும். மதாம் அப்போதும் தயங்கினால் திரைக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்கும், முதலாளி வந்துகொண்டிருக்கிறார் என்பதுபோல. அவ்வளவுதான், மதாம் பையைத் திறந்துவிடுவாள். அந்தக் 'குறைந்த' விலை காலையில் தேநீர் குடிக்கும்போதே இரண்டு பேரும் பேசி வைத்தது.

அபுல் ஹசனுக்குத் தங்கை கிடையாது. நாலு அண்ணன்மார், நாலும் முரடு. வெள்ளிக்கிழமை ஜும்மாவில் இந்தப் பொய்க்கென்று தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். சனிக்கிழமை தங்கை மறுபடி பிறந்துவிடுவாள். ரமலானில் மட்டும் அவளுக்கு ஒரு மாத விடுமுறை.

வெள்ளைத் துணிக்கு இந்த நாடகம் கிடையாது. மையித்தைச் சுற்றக் கபன் துணி கேட்டு நம் ஆட்கள் வந்தாலும் சரி, துக்கத்துக்குத் தலையில் கட்டும் முரட்டு வெள்ளை கேட்டு வியட்நாம்காரர் வந்தாலும் சரி, முதலாளி கல்லாவை விட்டு எழுந்து நின்றுவிடுவார். கொள்முதல் விலைதான். சிரிப்புக் கிடையாது, பூப்போட்ட காகிதத்தில் சுற்றுவது கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, போகும்போது 'மறுபடி வாங்க' என்று சொல்வது கிடையாது. மற்ற நேரத்தில் வாய் தானாகச் சொல்லிவிடுகிற வார்த்தை அது. வெள்ளைக்கு வந்தவரிடம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதலாளியின் தகப்பனார் வைத்துவிட்டுப் போன வழக்கம். வருஷம் பூராவும் பொய் பேசுகிற கடைக்கு அது ஒரு நோன்பு மாதிரி.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஊரே வேஷம் மாற்றிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பெட்டி கட்டினார்கள். காத்தினா தெரு ஒரு நாள் காலையில் தூ யோ என்னும் சுதந்திரத் தெருவாக எழுந்திருந்தது. பெயர்ப்பலகை மாற்றுகிறவன் ஏணியின் உச்சியில் உட்கார்ந்து நிம்மதியாக சிகரெட் பிடித்துக்கொண்டிருந்ததை அபுல் ஹசன் பார்த்தார். அபுல் ஹசன் பிறந்த காரைக்கால் அதற்கு முன்பே பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவின் கைக்குப் போயிருந்தது. பிறந்த ஊரில் ஒரு கொடி, பிரஜா உரிமைக் காகிதத்தில் ஒரு கொடி, சோறு போடும் ஊரில் மூன்றாவது கொடி. எதைப் பார்த்தாலும் சலாம் வைத்துவிடுவது நல்லது என்று இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அப்துல் முத்தலிப் கடைக்கு வந்து சேர்ந்தான். நாகூர்க்காரன். நாகூருக்கும் காரைக்காலுக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். ஆனால் காரைக்காலில் பிறந்தவனுக்குப் பிரெஞ்சுக்காரன் என்று காகிதம் கிடைக்கும், நாகூரில் பிறந்தவனுக்குக் கிடைக்காது. பையன் சிவப்பாக, உயரமாக, பேசுகிறவரின் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல் கேட்கிறவனாக இருந்தான். முதலாளியிடம் ஹதீஸ் பேசினான். மதாம்களிடம் மழையைப் பற்றிப் பேசினான். அபுல் ஹசனிடம் அபுல் ஹசனைப் பற்றியே பேசினான். அதைவிட ருசியான பேச்சு உலகத்தில் உண்டா?

"ஒங்கள மாதிரி அழ எனக்கும் கத்துக் குடுங்க நானா," என்றான். ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டான். இரண்டாம் வாரம் அவனுக்கும் ஒரு தங்கை பிறந்தாள். அபுல் ஹசனின் தங்கையைவிட அழகாக இருந்தாள்.

அபுல் ஹசன் அவனை வீட்டுக்கு அழைத்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் மனைவி லான் இந்த ஊர்ப் பெண், நிக்காஹ்வுக்காக ரஹ்மத் நிஷா ஆனவள். மகள் ஜுலைகா டெலிபோன் ஆபீஸில் லைன் மாற்றிக் கொடுக்கும் வேலை பார்த்தாள். காரைக்கால் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், பெண்ணின் சம்பந்தம் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் திடீரென்று வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். ஒருத்தர் மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: "புள்ள நல்ல புள்ளதான். கண்ணுதான் கொஞ்சம் சின்னதா இக்கிது." அன்றைக்கு அபுல் ஹசன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் கை கழுவினார்.

முத்தலிப் அப்படியில்லை. லான் இந்த ஊர்ப் புளித்த மீன்சாற்றுக் கிண்ணத்தை வைத்ததும் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அவன் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாமி" என்றான். லானின் கண் கலங்கிவிட்டது. ஜுலைகாவிடம் அவள் வேலையைப் பற்றிக் கேட்டான். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாளாமே, அப்படியா? தன் உம்மா நாகூரில் மருமகளின் போட்டோவுக்காகக் காத்திருக்கிறாள் என்றான். அபுல் ஹசன் அவனுக்கு அண்ணன் முறை நானாவிலிருந்து மாமா ஆனார். பெருநாள் கழித்து நிக்காஹ் என்று முடிவாயிற்று. நடுவில் ஒருநாள், "ஜுலைகாவுக்கும் பிரெஞ்சுக் காகிதம் இக்கிதுதானே மாமா?" என்று கேட்டான். கல்யாணப் பதிவுக்குக் கேட்கிறான் என்று அபுல் ஹசன் பெருமையோடு தலையாட்டினார்.

ரமலான் பிறந்த முதல் வாரத்திலேயே பின் சுயென் என்ற ஆயுதக் கும்பலுக்கும் அரசாங்கப் படைக்கும் நகரத்துக்குள் சண்டை மூண்டது. பீரங்கிச் சத்தத்தில் பள்ளிவாசல் பாங்கு கேட்கவில்லை. குடிசைப் பகுதிகள் தெருத்தெருவாக எரிந்தன. கடையை அடைத்துவிட்டு எல்லோரும் கட்டிலுக்கு அடியில் நோன்பு திறந்தார்கள். சத்தம் ஓய்ந்து கடையைத் திறந்த அன்றைக்கு, பட்டு கேட்டு ஒருவரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் வெள்ளை கேட்டார்கள்.

அதில் ஒரு வியட்நாம்காரி, எரிந்துபோன கான் ஹோய் பக்கத்திலிருந்து வந்தாள். சட்டைக் கையில் கரி இருந்தது. அம்மா என்றாள், தீ என்றாள். முதலாளி வீடிழந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அபுல் ஹசன் வெள்ளைத் துணிக்கட்டை எடுக்கத் திரைக்குப் பின்னால் போனார். கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியவர், திரையிலேயே நின்றுவிட்டார்.

முத்தலிப் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவன் உம்மாவும் போன வருஷம்தான் போனாளாம். அவளுக்கு முரட்டு வெள்ளை போட்டு அனுப்பியது இன்றைக்கும் உறுத்துகிறதாம். மேஜைமேல் விலையுயர்ந்த வெள்ளை சாட்டின் விரிந்து கிடந்தது. அவன் கண்ணில் ஒரு சொட்டு நின்றது, விழவில்லை. அபுல் ஹசனுக்கு அந்தச் சொட்டைத் தெரியும். அவர் பெற்ற சொட்டு அது.

அவள் சாட்டினை வாங்கிக்கொண்டாள். அவன் அதைப் பூப்போட்ட காகிதத்தில் சுற்றினான். வாசல்வரை போய்ச் சிரித்து, "மறுபடி வாங்க" என்றான்.

அவன் திரும்பியபோது முகத்தில் ஒன்றுமே இல்லை. துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது.

"மாப்ள," என்றார் அபுல் ஹசன். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒங்க உம்மா நாகூர்ல இக்கிறாஹன்னு சொன்னீங்களே?"

"இக்கிறாஹ மாமா."

"போயிட்டாஹன்னு அந்தப் புள்ளகிட்ட அழுதீங்க?"

"அவளுக்கு அது தேவையா இருந்துச்சு. நீங்க தங்கச்சிய உண்டாக்கலையா?"

"அது பட்டுக்கு மாப்ள. இது வெள்ளை!"

"துணி துணிதானே மாமா." அவன் உண்மையிலேயே புரியாமல்தான் பார்த்தான். "அவ வரும்போது எப்புடி வந்தா, போகும்போது எப்புடிப் போனா? ஆறுதலாத்தானே போனா?"

அதுவும் உண்மைதான். அவள் போகும்போது அவன் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு போனாள். அபுல் ஹசன் துணிக்கட்டைத் தோளிலிருந்து இறக்கினார். "செத்த வூட்டுக்காரிகிட்ட மறுபடி வாங்கன்னா... எனக்கு நெஞ்சுல என்னமோ பண்ணுது," என்றார்.

"எந்த எடத்துல?"

"என்னது?"

"நெஞ்சுல பண்ணுதுன்னு எல்லாரும் சொல்றாஹ. எந்த எடத்துல பண்ணும் மாமா?"

அவன் கேலி செய்யவில்லை. பிறந்ததிலிருந்தே உப்பு ருசி தெரியாத ஒருவன் உப்பு எப்படி இருக்கும் என்று கேட்பதுபோல் கேட்டான். அபுல் ஹசன் தன்னையறியாமல் இடது மார்பில் கையை வைத்துக் காட்டினார். அவருக்கு எதிரே நின்றிருந்த முத்தலிப், கண்ணாடியில் பார்ப்பவன் மாதிரி தன் வலது மார்பில் கையை வைத்தான். கொஞ்சம் அழுத்திப் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டு மீதி சாட்டினை மடிக்கப் போய்விட்டான்.

அன்று நோன்பு திறந்ததும் அபுல் ஹசன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. ஜுலைகா பேரீச்சங்கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"வாப்பா, நீங்க அழுதா எது நெசம்னு எனக்கு எப்புடித் தெரியும்? அந்த டாக்டர் பொண்டாட்டிகிட்ட நான் செத்துட்டேன்னு சொல்லி வெல்வெட்டு வித்தீங்க."

"செத்துட்டன்னு சொல்லல புள்ள. படுத்த படுக்கையா இக்கிறன்னுதான் சொன்னேன்."

"அவங்க எனக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வூட்டுக்கே வந்தாங்க!"

லானும் மகள் பக்கம்தான். மீன்சாற்றை அப்படி ரசித்துச் சாப்பிட்ட பிள்ளை கெட்டவனாக இருக்க முடியுமா? அபுல் ஹசன் படுக்கையில் புரண்டார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நிஜத்தை விற்க வந்திருக்கிறார், சொந்த வீட்டிலேயே போணியாகவில்லை. இவன் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டால் அவள் அழும்போதெல்லாம் அவன் அதே அழகோடு அழுவான். அதே முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவான். வேறு மாப்பிள்ளை அவளுக்கு வருவானா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியும் பக்கத்திலேயே படுத்திருந்தது. காகிதத்தைப் பற்றி அவன் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவளைக் கட்டினால் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அவனும் பிரான்சுக்குக் கப்பல் ஏறலாம்.

காலையில் மகளிடம் சொன்னார்: "என்னை நம்ப வேணாம். ஒன் காதை நம்பு. மத்தியானம் கடைக்கு வா, பின்வாசல் வழியா."

மத்தியானம் கடை அடைத்திருக்கும். முதலாளி வீட்டில் தூங்குவார். ஜுலைகா திரைக்குப் பின்னால் முதலாளியின் முக்காலியில் உட்கார்ந்தாள். முன்பக்கம் முத்தலிப் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அபுல் ஹசன் அவன் எதிரில் தொப்பென்று உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். நோன்போடு பொய் சொல்லப்போகிறார். விடுமுறையில் இருந்த தங்கையை மனசுக்குள் மன்னிப்போடு கூப்பிட்டுக்கொண்டார்.

"மாப்ள, ஒரு காரியம் பண்ணிட்டேன். காரைக்கால் இந்தியாவுக்குப் போயிட்டுதா? நானும் இந்தியாக்காரன்தான்னு எழுதிக் குடுத்துட்டேன். பிரெஞ்சுக் காகிதத்தத் திருப்பிக் குடுத்தாச்சு."

அப்படி எழுதிக் கொடுக்க அப்போது ஒரு வழியே இருந்ததா என்று அவருக்கே தெரியாது. ஆனால் அந்த வருஷம் எந்தக் காகிதம் செல்லும், எது செல்லாது என்று யாருக்குத்தான் தெரிந்தது?

முத்தலிப்பின் கை நின்றது. "ஜுலைகாவோடதுமா?"

"அதுவும்தான். எனக்கு ஒரே ஆறுதல் என்னன்னா, நீங்க காகிதத்தப் பார்த்துப் பொண்ணு கேட்கல." சொட்டு வந்து நின்றது. பிறகு விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்றும்.

முத்தலிப் அதைப் பார்த்தான், மழை பெய்கிறதா என்று பார்ப்பதுபோல. அவன் கோபப்படவில்லை. திட்டவும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு அறையை விட்டுப் போகிறவன் மாதிரி அவன் முகத்திலிருந்து எல்லாம் போயிற்று.

"அப்ப சரி. நிக்காஹ் வேணாம் மாமா," என்றான். அடுத்த கட்டை எடுத்து அதே நேர்த்தியோடு அடுக்கினான். "ஊர்க்காரன் எவனும் அந்தக் கண்ணுக்குக் கட்ட மாட்டான். மாமி வகையில யாராவது வியட்நாம்காரனாப் பாருங்க. நாலு மணிக்கு அந்தக் கேப்டன் பொண்டாட்டி வர்றான்னீங்களே, நீலமா பச்சையா?"

திரைக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது.

இப்ராஹிம் முதலாளியின் இருமல், அச்சு அசல். சின்ன வயதிலிருந்து அந்த முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த பெண். திரையை விலக்கிக்கொண்டு ஜுலைகா வந்தாள்.

முத்தலிப்பின் முகத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. "ஜுலைகா! மாமாவச் சும்மா சோதிச்சுப் பார்த்தேன். காகிதம் என்ன பெரிய காகிதம்..."

"நான் தெனம் லைன் மாத்துறவ," என்றாள் ஜுலைகா. அவள் உதடு நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. "இந்தக் கொரலு இப்பத்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு பேசுச்சு. அதுதான் ஒங்க கொரலு."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு அடுக்குவதைத் தொடர்ந்தான்.

அப்பாவும் மகளும் வெயிலில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். சந்தை முனையில் அவள் கேட்டாள்:

"ஒங்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் வாப்பா? ரெண்டு பேரும் என்னா அழகாப் பொய் சொல்றீங்க."

"தெரியல புள்ள."

"கடைசியில அழுதீங்களே. அது எந்த அழுகை?"

"ஆரம்பிச்சது கடை அழுகைதான். நடுவுல எங்கயோ மாறிட்டுது. எங்கன்னு எனக்கே தெரியல."

அவள் கொஞ்ச தூரம் போனதும் சாய்ந்திருந்த அவருடைய தொப்பியை நேராக வைத்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அபுல் ஹசன் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு நகைச்சுவையும் அகப்படவில்லை.

பெருநாள் வந்து போயிற்று. முத்தலிப், பாண்டிச்சேரிக் கத்தோலிக்க விதவை ஜெர்மேன் அம்மாளின் குடும்பத்தோடு பிரான்சின் மார்செய்க்குக் கப்பல் ஏறப்போகிறான் என்று செய்தி வந்தது. அவளுக்கு ஐரேன் என்று ஒரு மகள், பிரெஞ்சுக் காகிதத்தோடு. அந்த வீட்டில் அவன் பெயர் ஜூல். அபுல் ஹசன் உடனே அங்கே ஓடினார். ஜெர்மேன் அம்மாள் காபி கொடுத்து, அவனைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டாள்.

"உங்க பொண்ணுக்கு அமையலைன்னு வருத்தம் இருக்கத்தான் செய்யும் மிஸ்யே," என்றாள் இதமாக. "எங்க ஜூல் உங்களப் பத்தி ஒரு வார்த்தை கெடுதலாச் சொன்னதில்ல, தெரியுமா?"

கிளம்புகிற அன்று அவன் கடைக்கு விடைபெற வந்தான். வெளியே சிக்லோ ரிக்‌ஷா காத்திருந்தது. வெள்ளைக் கோட்டு, வாரிய தலை. அபுல் ஹசனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவங்க நீங்க. ஒங்கள வுட்டுட்டுப் போறது இங்க என்னமோ பண்ணுது மாமா," என்று நெஞ்சில் கையை வைத்தான்.

வலது பக்கத்தில்.

அபுல் ஹசனின் கை தானாக எழுந்தது. மடிப்புக் கோணலாக இருந்தால் நேராக்காமல் விடத் தெரியாத கை. 'இந்தப் பக்கம் இல்ல தம்பி, அந்தப் பக்கம்' என்று வாய்வரை வந்துவிட்டது. சிறுபிள்ளை சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் நின்றான் அவன். பார்க்கப் பாவமாக இருந்தது. கற்றுக்கொண்டதையெல்லாம் எவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறான்!

ஐரேன் என்ற அந்தப் பெண் ஞாபகம் வந்தாள். ஒரு நாள் அவளாவது கவனிக்கட்டும். அபுல் ஹசன் கையைக் கீழே போட்டார்.

"ஒங்க உம்மாவுக்கு ஒரு கடுதாசி போடுங்க தம்பி," என்று மட்டும் சொன்னார்.

"போடுறேன் மாமா," என்று சிரித்துவிட்டு அவன் சிக்லோவில் ஏறிக்கொண்டான். அபுல் ஹசன் வாசலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, அது சந்தைத் திருப்பத்தில் மறையும்வரை பார்த்திருந்தார்.

கல்லாவில் கண்ணயர்ந்திருந்த இப்ராஹிம் முதலாளி விழித்துக்கொண்டார். ஆள் வந்துபோன அரவம் கேட்டது, 'மறுபடி வாங்க' கேட்கவில்லை. பதறி எழுந்து நின்றார்.

"யாரு அபுல் ஹசன்? வெள்ளைக்கு வந்தாஹளா?"

"அந்த மாதிரிதான் முதலாளி," என்றார் அபுல் ஹசன்.